மூட்டை அக்காவும் மூன்று மணித் தண்ணீரும்

ஆனையிறவுக்குத் தெற்கே, ஓமந்தைக்கு வடக்கே, ஒரு பிளேன்டியை, அதாவது பால் சேராத தேநீரை, பிழையில்லாமல் கேட்டு வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரும் கேட்டதைக் குடிப்பவர்கள் அல்லர். கடைக்காரர் விளங்கிக்கொண்டதைக் குடிப்பவர்கள். அந்த ஒருவரை நாங்கள் மூட்டை அக்கா என்று அழைத்தோம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், யார் எந்த பஸ்ஸைத் தவறவிட்டார் என்பது வரைக்கும் எழுதி வைப்பேன். கிளிநொச்சியில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்த காலம் மூன்று கொப்பிகளில் இருக்கிறது. அவற்றில் மூட்டை அக்காவின் தேநீர் பிழைத்த நாள் ஒன்றுகூட இல்லை. என் தேநீர் பிழைத்த நாட்களை எண்ணத் தொடங்கி, இரண்டாம் கொப்பியின் நடுவில் கைவிட்டுவிட்டேன்.

எங்கள் அலுவலகம் ஏ-ஒன்பது வீதியில் இருந்து சற்று உள்ளே, ஓர் உரக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கணினி மென்பொருள் எழுதும் இடம். ஆறு பேர், ஏழு கதிரைகள், அவற்றில் ஒன்று கால் உடைந்தது. எழுதிய நிரல் எல்லாம் யூரியா மணத்தில் எழுதியவை. கீழே லொறியில் இருந்து உரமூட்டை இறக்கும் நாட்களில் மேசைகள் நடுங்கும். அந்த மூட்டைகளால்தான் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை.

நிரல் எழுதாத வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நிரலில் பங்ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்து தருகிற துண்டு. அந்த வேலைக்கு அது சில விபரங்களைக் கேட்கும். முதலாவது இது, இரண்டாவது அது என்று அது கேட்கிற வரிசையில் கொடுக்க வேண்டும். ஆனால் விபரங்கள் எங்கள் கைக்கு அப்படி வருவதில்லை. ஓர் ஆளைப் பற்றிய எல்லாமே ஒரே கட்டாகக் கிடக்கும். உள்ளே ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தொலைபேசி என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கும். இந்தக் கட்டுக்கு ஒப்ஜெக்ட் என்று பெயர். ஒப்ஜெக்டைப் பிரித்து, பங்ஷன் கேட்கிற வரிசையில் எடுத்து நீட்டுவதுதான் எங்கள் தொழிலில் பாதி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு கட்டை அப்படியே தூக்கிப் பங்ஷனிடம் கொடுத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது.

“தம்பி, கிராம சேவகர் ஜீ.எஸ்ஸிட்டைக் கடிதம் எடுக்கப் போறியள் எண்டு வையுங்கோ. அவர் முதலிலை பேரைக் கேப்பார். பிறகு வீட்டு நம்பர். பிறகு எத்தினை வருசமாய் இருக்கிறியள் எண்டு கேப்பார். நீங்கள் வாயே திறக்காமல் உங்கடை பைலைத் தூக்கி மேசையிலை போட்டால் என்ன செய்வார்?”

“ஏசுவார்.”

“ஓம். பங்ஷனும் அப்பிடித்தான். மூட்டையை அவிட்டுக் குடுங்கோ.”

மூட்டையை அவிட்டுக் குடுங்கோ. இந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். எங்களுக்குச் சொல்வார், திரைக்குச் சொல்வார், ஒருமுறை அச்சு இயந்திரத்துக்கும் சொன்னார். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வரவுப் புத்தகத்தில் அவருடைய கையொப்பம் இருக்கும், ஆனால் அது ஈர மணலில் நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கும்.

அவிழ்ப்பதோடு விட்டிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூட்டையில் இருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லித்தான் எடுப்பார். நிரலில் மட்டும் அல்ல, வாழ்க்கையிலும்.

எங்கள் தேநீர்க் கடை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து நடத்திய கடை. அக்கா போய் நிற்பார்.

“சீனி: அரைக் கரண்டி. பால்: இல்லை. சாமான்: தேத்தண்ணி. சூடு: நல்லா.”

மறுநாள் இதையே தலைகீழாகச் சொல்வார். “சூடு: நல்லா. சாமான்: தேத்தண்ணி. பால்: இல்லை. சீனி: அரைக் கரண்டி.” எந்த வரிசையில் சொன்னாலும் வருவது அதே தேநீர்தான். பெயர் ஒட்டியிருந்தால் வரிசை எப்படி மாறினாலும் பரவாயில்லை என்று எங்களுக்குக் காட்டுவதற்காகவே அவர் தினமும் மாற்றிச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்க நான்கு மாதம் சென்றது.

எங்கள் முகாமையாளர் கேட்கும் விதம் வேறு. “நானா, மூண்டு பால் தேத்தண்ணி, ரெண்டு பிளேன்டி, சீனி குறைச்சு, ஒண்டு இஞ்சி போட்டு.”

நானா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். “சேர், அந்த இஞ்சி அஞ்சுக்குள்ளையோ, ஆறாவதோ? சீனி குறைக்கிறது பாலுக்கோ, பிளேன்டிக்கோ?”

“உனக்கு விளங்கேல்லையோ?”

“விளங்குது சேர். எது எண்டுதான் தெரியேல்லை.”

ஒருநாள் நானா அக்காவிடம் கேட்டார். “பிள்ளை, நீங்கள் ஒரு நாளும் இஞ்சியைப் பற்றிக் கதைக்கிறேல்லையே. இஞ்சி: இல்லை எண்டு சொல்ல வேண்டாமோ?”

“இஞ்சி கட்டாயமில்லாத இடம், நானா. வெறுமையாய் விடலாம். சொல்லாட்டி இல்லை எண்டு அர்த்தம். கட்டாயமான இடத்தைத்தான் விடேலாது.”

நானாவுக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. அன்று முதல், ஒன்றும் சொல்லாமல் வந்து குந்தியிருக்கும் வாடிக்கையாளர்களிடம், “கட்டாயமான இடத்தைச் சொல்லுங்கோ” என்று கேட்கத் தொடங்கினார்.

அக்கா பூநகரியில் இருந்து வருபவர். காலையில் பஸ் ஏறினால் பரந்தனைச் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு வர வேண்டும். நான் ஒருமுறை அந்த பஸ்ஸில் வர நேர்ந்தது. கொண்டக்டர் வந்தார். அக்கா, “ஏறினது: வாடியடி. இறங்கிறது: கரடிப்போக்கு. ஆள்: ஒண்டு” என்றார். கொண்டக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “டிக்கட்: இந்தாங்கோ. சீற்: இல்லை. நிண்டு வாங்கோ” என்றார். அந்தப் பாதையில் அது பழகிப்போன பாஷையாகிவிட்டிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கும்போதும் ஒவ்வொன்றாகத்தான். “சோறு: சிவப்பு. கறி: முருங்கைக்காய். மீன்: ஒட்டி. பிடிச்சது: விடிய. பிடிச்சவர்: அவர்.” உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறவர், கணவரை மட்டும் ‘அவர்’ என்பதோடு விட்டுவிடுவார். அவர் பூநகரிக் கடலேரியில் வலை போடுகிறவர் என்பதும், இரண்டு பெண் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதும் எங்களுக்கு மீனின் வழியாகத்தான் தெரியவந்தது.

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன்.

“கோயிலிலை” என்றார். “தங்கச்சிக்குப் பேர் ரேவதி, நட்சத்திரம் ரோகிணி. மச்சாளுக்குப் பேர் ரோகிணி, நட்சத்திரம் ரேவதி. தங்கச்சி சோதினை எடுக்கேக்கை அவளுக்கு அரிச்சனை செய்யப் போனனான். ஐயர் அவசரமாய்ப் பேர், நட்சத்திரம் எண்டு கேட்டார். நான் அவசரத்திலை வரிசையை மாத்திச் சொல்லிப்போட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன, படிச்சவள் தங்கச்சி. பாஸ் பண்ணினவள் மச்சாள்.”

முகாமையாளருக்கு இந்தப் பெயர் சொல்லும் வேலை பிடிக்கவில்லை. அவர் கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்தவர், வேகத்தை நம்புகிறவர். எங்கள் நிரல்மொழியில் மூன்று புள்ளி வைக்கும் வசதி ஒன்று உண்டு. கட்டுக்குள் இருக்கும் பெறுமதிகளை எடுத்து, முன்னால் மூன்று புள்ளி வைத்தால் போதும். எல்லாம் தானாகச் சரிந்து, பங்ஷனின் இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒரே வரி. அக்காவோ பங்ஷனின் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று வரி எழுதி, இந்தப் பெயருள்ளதை எடு, வெறுமையா என்று பார், இந்த இடத்தில் வை என்று வைப்பார். நாலு இடமுள்ள பங்ஷனுக்குப் பன்னிரண்டு வரி போகும்.

“ஒரு வரியிலை முடியிறதுக்குப் பன்ரெண்டு வரியோ?”

“சேர், மூண்டு புள்ளி நல்ல சாமான். வரிசையாய்க் கிடக்கிறதுக்கு நானும் வைக்கிறனான். ஆனால் மூட்டைக்குள்ளை வரிசை எண்டு ஒண்டை நம்பேலாது. கட்டினவர் எந்த ஒழுங்கிலை போட்டாரோ அந்த ஒழுங்கிலைதான் வெளியிலை விழும். பேர்தான் நிரந்தரம்.”

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, முகாமையாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக் கதவு சரியாகப் பூட்டாது. உள்ளே பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மல்லாவிப் பக்கத்துக் குளம் ஒன்றை நம்பி வயல் செய்யும் கமக்காரர்களின் அமைப்புக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அதுதான் அக்காவுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அதில் ஒரு குழப்பம் வந்தாலும் மாதக் கடைசியோடு அவர் வேலையை விட்டு நிற்க வேண்டும்.

நின்றால் இந்தத் தொழிலுக்கு அவர் போகக்கூடிய அடுத்த இடம் கொழும்பு. பூநகரியில் இருந்து காலையில் வந்து பின்னேரம் திரும்பக்கூடிய ஒரே இடம் உரக்கடை மேல்மாடி.

வெளியே வந்தவர் எங்களைப் பார்த்தார். “செய்தி: கேட்டனியள்தானே. கொழும்பு: போகமாட்டன்.” போய் இருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த மென்பொருளின் வேலை சுலபமானது. வெயில் காலத்து நெற்செய்கையான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் மட்டுமட்டாகத்தான் இருக்கும். மூன்று கிளை வாய்க்கால், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கமக்காரர்கள். ஆளுக்கு ஒரு மணித்தியாலம் தண்ணீர். தன் நேரத்துக்கு வந்து தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். முன்பு இதை அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுவார்கள். மாடு உரசும், மழை கரைக்கும். இனி ஒவ்வொருவரின் போனுக்கும் குறுஞ்செய்தி போகும். பெயர், காணி இலக்கம், தண்ணீர் நேரம், காணி அளவு. மணி ஆறில் இருந்து பதினொன்று வரை என்றால் காலை என்றும், பன்னிரண்டில் இருந்து ஐந்து வரை என்றால் பிற்பகல் என்றும் நிரலே போட்டுக்கொள்ளும்.

அனுப்பும் பங்ஷன் அந்த வரிசையில்தான் கேட்டது: பெயர், இலக்கம், மணி, ஏக்கர். ஆனால் விபரம் நிரப்பும் படிவத்தில் அமைப்பின் செயலாளர் வேறு வரிசை வைத்தார். காணி இலக்கத்தைச் சொன்ன கமக்காரர் அடுத்து ஏக்கரைத்தான் சொல்வார், மணியைச் சொல்லமாட்டார் என்றார். அது நியாயம். ஆகவே மூட்டைக்குள் விழுந்த ஒழுங்கு: பெயர், இலக்கம், ஏக்கர், மணி.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. பொங்கல் திங்கட்கிழமை. அக்கா திங்களும் செவ்வாயும் லீவு கேட்டுக் குடும்பத்தோடு போனார். போகும்போது தன் திரையில் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போனார். ‘வேலை: அரைவாசி. மிச்சம்: புதன் வந்து. ஆள்: நான்.’

செவ்வாய் காலை பத்தேகாலுக்குச் செயலாளர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். நான்தான் எடுத்தேன்.

“தம்பி, வெள்ளிக்கிழமை திறக்கிறம் எண்ட தண்ணியை நாளைக்கு மத்தியானமே திறக்கிறம். பன்ரெண்டு மணிக்காரர் முதலிலை, காலைக்காரருக்கு அடுத்த நாள். வெயில் கடுமை, நாத்து வாடுது. மெசேச் இண்டைக்குப் பின்னேரம் போகுமோ?”

முகாமையாளர் வவுனியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்காவின் போன் பொங்கல் சனத்துக்குள் எங்கேயோ இருந்தது. ஏழு முறை அடித்தும் எடுக்கவில்லை. “ஓம், போகும்” என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் பன்னிரண்டு வரிகளில் ஐந்துதான் எழுதி முடிந்திருந்தன. அவற்றை அழித்தேன். மூன்று புள்ளி வைத்தேன். ஒரே வரி.

சோதிக்காமல் அனுப்பவில்லை. என்னிடம் ஒரு சோதனை ஆள் இருந்தார். சோதனைச் சின்னத்தம்பி என்று நானே பெயர் வைத்து உண்டாக்கிய கமக்காரர். அவருக்கு மூன்று ஏக்கர் கொடுத்திருந்தேன், ஏனென்றால் அந்தக் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று ஏக்கர்தான். தண்ணீர் நேரத்துக்கு மூன்று மணி போட்டிருந்தேன், ஏனென்றால் நான் அதை நிரப்பியபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. சின்னத்தம்பிக்குச் செய்தி சரியாக வந்தது. மூன்று மணி, மூன்று ஏக்கர். சோதனை ஆளுக்கு எல்லாவற்றுக்கும் வெவ்வேறு இலக்கம் கொடுங்கள் என்று அக்கா முன்பு இரண்டு முறை சொன்னது என் கொப்பியில் இருக்கிறது, கிழமையோடு.

அன்று பிற்பகல் நாலு பத்துக்கு எழுதிய குறிப்பு இது: ‘பன்னிரண்டு வரி வேலையை ஒரு வரியில் முடித்தேன். முப்பத்தாறு செய்தியும் போயின.’ கீழே கோடும் போட்டிருக்கிறேன். இரண்டு கோடு. அக்காவின் திரையில் இருந்த துண்டைக் கழற்றி, எதையும் எறியாத பழக்கத்தால், கொப்பிக்குள் வைத்தேன்.

புதன்கிழமை அக்கா வந்து, வற்றாப்பளையில் இருந்து கொண்டுவந்த விபூதியையும் மஞ்சளையும் பெயர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தந்தார். வேலையை நான் முடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தபோது முகாமையாளர் உள்ளே வந்தார். “மெசேச் எல்லாம் நேரத்துக்குப் போட்டுதாம். நல்லது” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. செயலாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தண்ணி வாய்க்காலுக்கு வந்திட்டுது. பன்ரெண்டு மணிக்காரர் மூண்டு பேரையும் காணேல்லை. வீட்டை ஆளனுப்பினால், எங்களுக்கு மூண்டு மணிதானே எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடுகினமாம்!”

முகாமையாளர் வானை எடுத்தார். அக்காவும் நானும் ஏறினோம். 

வாய்க்கால் கதவடியில் நாங்கள் போய் இறங்கியது இரண்டு முப்பத்தைந்துக்கு. முப்பத்தாறு பேரும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.

“எனக்கு மூண்டு மணி.”

“எனக்கும் மூண்டு மணிதான்.”

“அப்ப எனக்கு வந்தது என்ன, முப்பதோ?”

எல்லோருக்கும் மூன்று ஏக்கர். ஏக்கர் போய் மணியின் இடத்தில் விழுந்ததால் எல்லோருக்கும் மூன்று மணி. மணி போய் ஏக்கரின் இடத்தில் விழுந்ததால்தான் உண்மையான சண்டை. செல்வமலர் என்ற பெண், ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் போனுமாக, வானின் கதவை நாங்கள் திறக்க முன்னரே வந்துவிட்டார்.

“காணிப் பேர்மிட்டிலை மூண்டு ஏக்கர். உங்கடை மெசேச்சிலை ஒரு ஏக்கர். மற்ற ரெண்டையும் ஆர் தூக்கிக்கொண்டு போனது?” பிறகு பக்கத்தில் நின்ற பெரியவரைக் காட்டினார். “உவர் சின்னராசா அண்ணைக்குப் பன்ரெண்டாம்! என்ரை ரெண்டும் உவரிட்டைத்தான் கிடக்கு!”

சின்னராசா அமைதியாக நின்றார். முதல் நாள் பின்னேரம் செய்தி வந்ததில் இருந்து அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்று பின்னர் தெரிந்தது. “நான் கேக்கேல்லை, தங்கச்சி. தந்திருக்கினம். தாறதை வேண்டாம் எண்டு சொல்லுறதோ?”

ஆகக் கூடுதலாகக் கோபப்பட்டவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு உண்மையாகவே மூன்று மணி, உண்மையாகவே மூன்று ஏக்கர். செய்தி அச்சொட்டாகச் சரி. “எங்கடை நேரத்துக்கு உங்களுக்கெல்லாம் இஞ்சை என்ன வேலை?” என்று அவர்கள் மற்ற முப்பத்துமூன்று பேரையும் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்கா செல்வமலரின் போனை வாங்கிப் பார்த்தார். சின்னராசாவின் போனையும் வாங்கிப் பார்த்தார். பிறகு செயலாளரைக் கேட்டார். “உங்கடை கொப்பியிலை இவாக்கு எத்தினை மணி?”

“ஒரு மணி.”

“இவருக்கு?”

“பன்ரெண்டு.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். முகாமையாளரை அல்ல, என்னை. ஒரு கணம்தான். பிறகு வாய்க்கால் கட்டில் ஏறி நின்றார்.

“எல்லாரும் கேளுங்கோ. ஏக்கர் எண்டு கிடக்கிறதுதான் உங்கடை மணி. மணி எண்டு கிடக்கிறதுதான் உங்கடை ஏக்கர். இடம்தான் மாறிக் கிடக்கு. சாமான் எல்லாம் பத்திரம். ஒருத்தற்றை காணியும் குறையேல்லை.”

“கூடவும் இல்லையோ?” என்றார் சின்னராசா.

“கூடவும் இல்லை, ஐயா.”

செயலாளரின் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா தொடங்கினார். நேரம் தவறிப்போன பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்காரர்களை, அடுத்த நாள் பதினொரு மணிக்காரருக்குப் பிறகு வைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“பேர்: செல்வமலர். காணி: பதினெட்டு. ஏக்கர்: மூண்டு. மணி: நாளைக்கு ஒண்டு.”

“பேர்: சின்னராசா. காணி: பதினேழு. ஏக்கர்: மூண்டு. மணி: நாளைக்குப் பன்ரெண்டு.”

முப்பத்தாறு பேருக்கும் இப்படியே. பத்தாவது ஆளில் இருந்து கூட்டம் பழகிவிட்டது. அக்கா “ஏக்கர்” என்று தொடங்கினால் போதும், எல்லோரும் சேர்ந்து “மூண்டு!” என்று கத்தினார்கள். இருபதாவது ஆளில் சிரிப்பு வந்துவிட்டது. சின்னராசா மட்டும் கடைசிவரை அந்தச் சொல்லைக் கத்தவில்லை. மூன்று மணிக்கு, மூன்று மணிக்காரர் மூவரும் தங்கள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

பிறகு மருதமரத்தடியில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். முகாமையாளர், செயலாளர், அக்கா, நான்.

முகாமையாளர் குரலைக் கூட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பங்ஷன் உங்கடை. வேலை உங்கடை பேரிலை கிடக்கு. சித்திரையிலை நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?”

“ஓம் சேர்.”

“அப்ப சொல்லுங்கோ. என்ன நடந்தது?”

“பிழை: வரிசை. இடம்: மணியும் ஏக்கரும். நேரம்: செவ்வாய் பின்னேரம். திருத்தம்: இண்டைக்குப் போய் நான் செய்யிறன்.”

“ஆள்?”

வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. எதற்கும் பெயர் சொல்லாமல் விடாதவர். கறிக்குப் பெயர் சொல்லாமல் சோறு தின்னாதவர். ஒரே ஒரு சொல் சொன்னால் அவருடைய வேலை தப்பும். அந்தச் சொல் என் பெயர்.

“அது கட்டாயமில்லாத இடம், சேர்” என்றார் மூட்டை அக்கா. “வெறுமையாய் விடலாம்.”

நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை, ஒன்றும் வெளியே வரவில்லை என்பதும் உண்மை. அதற்குள் செயலாளர் பேசிவிட்டார்.

“சேர், இந்தப் பிள்ளை அங்கை இருந்தால் அடுத்த முறையும் மெசேச் போடுங்கோ. இல்லாட்டி எங்களுக்கு அந்த மாடு உரசிற பலகையே போதும். முப்பத்தாறு மண்வெட்டியைச் சிரிக்க வைச்சு வீட்டை அனுப்பின ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

முகாமையாளர் மருதமரத்தை நிமிர்ந்து பார்த்தார். “சரி, ஏறுங்கோ” என்றார்.

திரும்பி வரும்போது நானும் அக்காவும் வானின் பின் சீற்றில் இருந்தோம். மாங்குளம் சந்தி கடந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, உங்கடை சோதனைச் சின்னத்தம்பிக்கு எத்தினை ஏக்கர்?”

“மூண்டு.”

“மணி?”

“மூண்டு, அக்கா.”

“ஒரு ஏக்கரைக் கூட்டிக் குடுத்திருக்கலாம், பாவம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒருபோதும் கதைக்கவில்லை. மாதக் கடைசி வந்தது. வரவுப் புத்தகத்தில் நண்டு நடந்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, “மாதக் கடைசி: வந்திட்டுது. நான்: இருக்கிறன்” என்று அறிவித்தார். நானா அன்று எல்லோருக்கும் தேநீர் அனுப்பினார். ஆறும் இஞ்சி போட்டது.

நான் இப்போது வவுனியாவில் வேறு வேலையில் இருக்கிறேன். மூட்டை அக்கா இன்னும் அந்த உரக்கடை மேல்மாடியில்தான். அந்தக் குளத்தில் இன்றுவரை ஒருவரும் பிழையான நேரத்துக்கு மண்வெட்டியோடு வரவில்லை. சின்னராசா அந்தப் பழைய செய்தியை அழிக்காமல் வைத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். நெல் விதைக்கும் காலத்தில் எடுத்துப் பார்ப்பாராம்.

இதை எழுத மூன்றாம் கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் அக்காவின் துண்டு மடிந்து கிடக்கிறது. ‘மிச்சம்: புதன் வந்து. ஆள்: நான்.’ அதன் கீழே, என் கையெழுத்தில், நாங்கள் இறங்கிய நேரம், கூப்பிட்ட ஆட்களின் எண்ணிக்கை, பிழை, இடம், திருத்தம் எல்லாம் இருக்கின்றன. மின்சாரம் போன நிமிடத்தைக்கூட விடாமல் எழுதுகிற நான், ஒரே ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இது அச்சாகும் பத்திரிகை பூநகரிக்குக் காலை பஸ்ஸில் போகும் என்பது எனக்குத் தெரியும். அக்கா, அந்த இடத்தைக் கட்டாயமானதாக இன்று மாற்றிவிட்டேன்.

ஆள்: நான்.